மந்திரியின் கோட்டுப் பை

சத்தியம். சம்பா கோவில் மாதா மேல் சத்தியம், என் இரண்டு கண் மேல் சத்தியம், அது போதாது என்றால் வாயில் மிச்சமிருக்கிற ஆறு பல் மேலும் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் என்று எவனாவது காட்டிவிட்டால் அந்த ஆறையும் அவனே பிடுங்கிக்கொள்ளட்டும், நான் கஞ்சி குடித்துக் காலத்தை ஓட்டிக்கொள்கிறேன். முத்தியால்பேட்டைச் சவுரிராயனாகிய நான், முப்பத்தொரு வயதில், பிரான்சு தேசத்தின் வேளாண் மந்திரி ஒக்தாவ் லபிரேல் துரைக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெற்கே, சேன் பரோல் என்கிற திராட்சை ஊர். மேயர் ஒருவர் வரவேற்புரை வாசித்து முடிக்கிற நேரம்தான் கதை. அந்த நேரத்துக்குள் என் தலையில் ஒரு மயிர்கூடக் கறுப்பாக மிஞ்சவில்லை. இப்போது நீங்கள் பார்க்கிற நரை அன்றைக்கு வந்தது, வயதால் வந்ததில்லை.

குடை கனக்கிறது. குடை கனக்கவில்லை, கைதான் நடுங்குகிறது, கை நடுங்கினால் நிழல் ஆடும், நிழல் ஆடினால் மந்திரியின் வழுக்கையில் வெயில் படும், வெயில் பட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் என் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஆடக்கூடாது. மேயர் கையிலிருக்கிற காகிதக் கட்டு ஒரு விரல் கனம் இருக்கிறது, நல்லது, ஒரு விரல் கனம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, பேசுங்கள் மேயரே, இந்த ஊரில் முதல் திராட்சையை எந்த ரோமாபுரிக்காரன் நட்டான் என்பதிலிருந்து பேசுங்கள், அவன் அப்பன் பெயரையும் சொல்லுங்கள். எதற்கு நேரம், நேரம் இருந்து நான் என்ன செய்யப்போகிறேன், கோட்டு அவர் உடம்பில் இருக்கிறது, பேச்சு கோட்டுக்குள் இருக்கிறது, இடது பக்கத்து உள்பையில், இங்கிருந்து எட்டிப் பார்த்தால் துணி கொஞ்சம் புடைத்திருப்பது தெரிகிறது, அந்தப் புடைப்புக்குள் இருப்பது திராட்சையா, பீட்ரூட்டா. திராட்சைதான். திராட்சையாகத்தான் இருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை, மூக்கு இருந்த இடத்தில் யாரோ களிமண்ணை அப்பிவிட்டுப் போனது போல இருக்கிறது, நேற்று ரயிலடியில் மழையில் நின்று பெட்டி இறக்கினேனே, அந்த மழை, அந்தப் பாழாய்ப்போன மழை, இந்தக் கூட்டத்தில் இரண்டாயிரம் பேர் வியர்வையும் பீப்பாய் வாடையும் வேர்ப்பூச்சிக்குப் போடுகிற மருந்தின் அழுகல் நாற்றமும் அடிக்குமே, எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் வைத்திருக்கிறார்களே, எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும் இந்த ஊருக்கு வாசனையே இல்லை.

மந்திரிக்கு நாலு பேச்சு. நாலே நாலு. கோதுமை ஊருக்கு ஒன்று, ஆட்டு ஊருக்கு ஒன்று, திராட்சை ஊருக்கு ஒன்று, பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை காய்ச்சுகிற வடக்கத்தி ஊர்களுக்கு ஒன்று. ரயிலேறித் தேசம் முழுக்கப் போய் அந்த நாலையும் மாற்றி மாற்றி வாசிப்பது அவர் வேலை, எந்த ஊரில் எதை வாசிக்க வேண்டுமோ அதைப் பார்த்துப் பையில் வைப்பது என் வேலை, எனக்கு எழுத்துத் தெரியாது. அது அவருக்குத் தெரியாது. பாரிசுக்குக் கூட்டிப்போக ஆள் தேடியபோது, வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றேன், கப்பல் ஏற வேண்டும் என்கிற ஆசையில் நீந்தத் தெரியுமா என்று கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன், பத்து வருஷமாக அந்த ஒரு தெரியும் மேல் நின்றுகொண்டிருக்கிறேன். அதனால்தான் மசாலா. திராட்சைப் பேச்சின் மடிப்பில் ஏலக்காய், பீட்ரூட்டில் கிராம்பு, ஆட்டில் சுக்கு, கோதுமையில் மிளகு. பெட்டியைத் திறந்து முகர்ந்தால் போதும், எழுத்துத் தெரிந்தவன் கண்ணாடி தேடுவதற்குள் நான் எடுத்துவிடுவேன். முதலில் முழுசாகத்தான் வைத்தேன். ஒரு ஊரில் பிஷப் முன்னால் காகிதத்தை விரித்தபோது ஒரு கிராம்பு விழுந்து, மேடையில் உருண்டு, பிஷப்பின் பாதரட்சைக்குப் பக்கத்தில் போய் நின்றது, மந்திரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேச்சைத் தொடர்ந்தார், மறுநாளிலிருந்து இடித்துப் பொடியாக்கித் தடவ ஆரம்பித்தேன். முழுசாகவே விட்டிருக்கலாம். முழுசாக இருந்திருந்தால் இன்றைக்குக் காலையில் விரலால் தடவிப் பார்த்தே சொல்லியிருப்பேன், ஏலக்காய்க்கு வரி இருக்கும், கிராம்புக்குக் கொண்டை இருக்கும். பொடிக்கு ஏது கொண்டை.

காலையில் என்ன செய்தேன். மறுபடி யோசி, நிதானமாக யோசி. பெட்டியைத் திறந்தேன். நாலு கட்டு. முகர்ந்தேன், நாலும் காகிதம், வெறும் காகிதம், நாலு பிணம் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. மேலே இருந்தது திராட்சை என்று எடுத்தேன். ஏன் மேலே இருந்தது திராட்சை. வடக்கே போன வாரம் பீட்ரூட் பேசி முடித்ததும் அதை அடியில் வைத்தேன், பேசி முடித்ததை எப்போதும் அடியில்தான் வைப்பேன், ஆகவே மேலே இருந்தது அடுத்தது, அடுத்தது திராட்சை. சரி. ஆனால் நேற்று ரயிலடியில் கூலியாள் பெட்டியைக் கவிழ்த்தானே. கவிழ்த்தான், நான் நிமிர்த்தினேன், பெட்டி மூடித்தான் இருந்தது. மூடிய பெட்டி கவிழ்ந்தால் அடியிலிருப்பது மேலே வராதா. நிமிர்த்தினால் மறுபடி அடிக்குப் போகாதா. அவன் இரண்டு தரம் கவிழ்த்தானா, மூன்று தரமா. இரண்டு. மூன்றாவது தரம் நான் திட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. நாக்கில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்திருக்கலாம். ஐயோ, நாக்கு. ஜலதோஷம் பிடித்த நாக்கிலும் கிராம்பு சுரீரென்று பிடித்து மரத்துப்போகுமே, பல்வலிக்கு வைக்கிறதில்லையா, இது காலையில் தோன்றியிருக்கக்கூடாதா, இப்போது தோன்றுகிறது, குடைக்கு அடியில், மந்திரியின் நெஞ்சை நக்கிப் பார்க்க முடியாத இடத்தில் நிற்கும்போது.

மேயர் ஒரு தாளைத் திருப்புகிறார். கட்டு அரை விரலாகிவிட்டது. எனக்கு இடது பக்கம் காரியதரிசி பர்தூல் நிற்கிறான், கறுப்புக் கையுறை, எலிக்குஞ்சு மாதிரி மீசை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அதைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் முசே என்று, கேட்டால் என் கதை முடிந்தது. இரண்டு வருஷமாக என்னை மோப்பம் பிடித்துக்கொண்டு திரிகிறவன். ஒரு தரம் விருந்துக்கு முன்னால் சாப்பாட்டுச் சீட்டை என் கையில் கொடுத்து, "இதில் மீன் எத்தனாவது, சவுரி?" என்றான். நான் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீன் நேற்றைய மீன், முசே. உங்களுக்கு வேண்டாம்" என்றேன். அன்றைக்கு அவன் மீன் சாப்பிடவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. "உனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் உன் மந்திரிக்குத் தெரிந்த மாடு அளவுதான்" என்று போகிறபோக்கில் சொன்னான். அந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டுதான் நிற்கின்றன என்பது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

மாடு. மாட்டுக்கு எது முன்பக்கம் என்றுகூடத் தெரியாமல் மந்திரியானவர் எங்கள் துரை. புதுச்சேரிக் கோர்ட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்க வந்தவர், வந்த மாதமே காய்ச்சலில் விழுந்தார், நாற்பது நாள் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன், பிழைத்தார், ஆனால் காய்ச்சல் அவர் ஞாபகத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டது, நேற்று மனப்பாடம் செய்தது இன்று காலையில் இருக்காது. அந்த நாற்பது நாளில் என்னிடம் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டார், சாப்பாட்டுத் தமிழும் காய்ச்சல் தமிழும் மட்டும். பிறகு எங்கள் ஊரின் பிரதிநிதியாகப் பாரிசுக்குப் போகத் தேர்தலில் நின்றார், எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் செத்தவர்கள்கூடச் சுறுசுறுப்பாக வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள், ஜெயித்தார். ஆறு வருஷம் சபையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷம் வாய் திறக்காததால் அவருக்கு ஒரு எதிரியும் இல்லை, எதிரி இல்லாத ஒரே ஆள் என்று கூப்பிட்டு, மிச்சமிருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்தார்கள், வேளாண்மை. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை அவர். முதல் கால்நடைக் கண்காட்சியில் மூன்று பசுவைக் கொண்டுவந்து நிறுத்தி, மந்திரி எதற்குப் பரிசு கொடுக்கிறார் என்று தேசமே பார்த்துக்கொண்டிருந்தது, அவர் கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பார்த்தேன், எங்கள் மாமன் வீட்டில் சுழி பார்க்காமல் ஒரு கன்று வாங்கமாட்டார்கள், நான் பார்த்தேன், நடுவில் நின்ற கொழுத்த பசுவின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு சுழி, குனிந்து தமிழில் சொன்னேன், "முசே, நடுவுல நிக்கிறது வேணாம். பாடைச் சுழி." அவர் அந்தப் பசுவைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் அதன் சொந்தக்காரன் கிணற்றில் விழுந்தான். பிழைத்துக்கொண்டான், அது வேறு. மாட்டின் மனசறிந்த மந்திரி என்று பத்திரிகை எழுதியதாம், யாரோ சத்தமாக வாசித்தது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு மூன்று ஆட்சி கவிழ்ந்தது, மூன்றிலும் எல்லாரையும் மாற்றினார்கள், இவரை மட்டும் தொடவில்லை. அப்படி வந்தவர், அப்படிச் சுழியின் மேலும் மசாலாவின் மேலும் ஏறி வந்தவர், இன்றைக்கு ஒரு ஜலதோஷத்தில் இறங்கப்போகிறார்.

கூட்டத்தைப் பார்க்காதே. பார்க்கிறேன். முன்வரிசையில் ஆண்கள் காய்ந்த திராட்சைக் கட்டைகளை வேரோடு பிடுங்கிக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள், பூச்சி வேரைத் தின்றுவிட்டது, கட்டை கரியாக இருக்கிறது. மந்திரியின் மேஜையில் பூச்செண்டு வைக்க வேண்டிய இடத்திலும் ஒரு செத்த கட்டையைத்தான் வைத்திருக்கிறார்கள், மூவர்ண நாடா கட்டி. போன வருஷம் இங்கே வந்து சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொன்ன அதிகாரியைக் காலிப் பீப்பாயில் அடைத்து ஆற்றங்கரை வரைக்கும் உருட்டினார்களாம். வடக்கே காய்ச்சுகிற சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஒயின் என்று விற்கிறான்கள், அதனால்தான் மிஞ்சின திராட்சைக்கும் விலை இல்லை என்று இவர்களுக்கு வயிறு எரிகிறது. பீட்ரூட் பேச்சு எனக்கு அப்படியே தெரியும். அவர் ஒப்பித்துப் பார்க்கும்போதெல்லாம் நான் கோட்டுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டு நிற்பேன், எழுதத் தெரியாதவன் காதில் விழுந்தது எங்கே போகும், எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. "நண்பர்களே, திராட்சையை நம்பிய காலம் மலையேறிவிட்டது, நாளைய ஒயினை உங்கள் சர்க்கரை காப்பாற்றும்." முதல் வரியே அதுதான். இந்த மேடையில் அந்த வரியை வாசித்தால் இரண்டாவது வரி வாசிக்க ஆள் இருக்கமாட்டார். அவர் காகிதத்தைப் பார்த்து யோசித்து வாசிக்கிறவர் இல்லை, கண் பார்க்கிறதை வாய் சொல்லிவிடும், பாதி வரி போன பிறகுதான் புத்தி வந்து சேரும். பீப்பாய் ஒன்று மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலிப் பீப்பாயா, அலங்காரத்துக்கு வைத்ததா. அவர் பதவி போனால் நான் எங்கே போவேன், தெருப்பலகை வாசிக்கத் தெரியாத ஊரில், எந்த ரயில் எங்கே போகிறது என்று இஞ்சின் புகையை முகர்ந்தா கண்டுபிடிப்பேன், அதற்கும் மூக்கு வேண்டுமே.

மயங்கி விழலாம். விழுந்தால் குடை அவர் தலையில் விழும், பர்தூல் என்னைத் தூக்கி ஓரமாகப் போடுவான், அவர் எழுந்து பேசுவார். தும்மலாம், தும்மிக்கொண்டே இருக்கலாம், எத்தனை தும்மல், எந்தத் தும்மல் ஒரு பேச்சை நிறுத்தியிருக்கிறது. குனிந்து சொல்லிவிடு. என்ன சொல்ல, காகிதத்தை முதலில் பாருங்கள் முசே என்றா, ஏன் என்பார், தப்பாக வைத்திருக்கலாம் என்பேன், வாசித்துப் பார்த்துத்தானே வைத்தாய் என்பார். அங்கேதான் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது, பத்து வருஷத்து அந்த ஒரு தெரியும். கஷாயம் கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைத் தவிர இங்கே நான் யாரையும் நம்பவில்லை சவுரி என்று சொன்ன மனுஷர். திராட்சையாகவே இருக்கலாம். இருக்கலாம், பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதியில் ஒரு மனுஷனைப் பீப்பாயில் போடலாமா. திராட்சையாக இருந்தால் நான் வீணாக வாயைத் திறந்து கெட்டேன். பீட்ரூட்டாக இருந்தால் வாயைத் திறக்காமல் அவரைக் கெடுத்தேன். ஏலக்காய். கிராம்பு. ஏலக்காய். மேயர் தாளைத் திருப்புகிறார், திருப்புவதற்கு இன்னொரு தாள் இல்லை, அவர் கையில் இருப்பது ஒற்றைத் தாள், வெயிலில் மறுபக்கத்து எழுத்துத் தெரிகிறது, பாதித் தாள்தான் எழுத்து. பேசுங்கள் மேயரே. அந்த ரோமாபுரிக்காரனுக்குத் தம்பி இல்லையா. மேயர் தொப்பியைக் கழற்றுகிறார். கைதட்டல் இல்லை, கட்டை வைத்திருக்கிற கையால் எப்படித் தட்டுவார்கள்.

மந்திரி எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்து என் முட்டியில் இடித்தது, அவர் வலது கை கோட்டுக்குள் போனது, உள்ளே போன கையைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறந்தேன், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லத்தான் திறந்தேன், மாதா மேல் சத்தியமாக அதைச் சொல்லத்தான், ஆனால் பத்து வருஷம் பூட்டி வைத்த வார்த்தை வெளியே வரவில்லை, தமிழில் வேறு ஒன்று வந்தது. "முசே, எனக்கு மூக்கு அடச்சிருக்கு." அவ்வளவுதான். எந்த மந்திரியிடம் எந்த வேலைக்காரன் இப்படிச் சொல்லியிருப்பான், அதுவும் இரண்டாயிரம் பேர் முன்னால். பர்தூல் திரும்பினான். மந்திரியின் கை பாதியில் நின்றது. அவர் திரும்பவில்லை. காகிதத்தை வெளியே எடுத்தார், விரிக்கவில்லை, இன்னொரு கையால் கைக்குட்டையை எடுத்து இரண்டையும் சேர்த்து முகத்துக்குக் கொண்டுபோனார், மூக்குச் சிந்துகிறவர் மாதிரி. தோள் ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு, உதடு அசையாமல், நான் கற்றுக்கொடுத்த அடுப்படித் தமிழில் சொன்னார்: "இது கிராம்பு." குடை என் கையில் இருந்ததா என்று தெரியவில்லை. காகிதத்தைப் பழையபடி உள்ளே வைத்தார், மேஜையிலிருந்த செத்த கட்டையைப் பார்த்துக் குனிந்தார், கூட்டத்துக்கு அது மரியாதை செலுத்துவது போலத் தெரிந்தது, பல தொப்பிகள் கழன்றன, குனிந்த வாக்கில் கேட்டார்: "ஏலக்கா எப்படி ஆரம்பிக்கும்?"

ஆரம்பித்துக் கொடுத்தேன். குடையை முன்னால் சாய்த்து அதன் மறைவில் பிரெஞ்சில் முணுமுணுத்து நான் ஒரு வரி, வெளியில் அவர் ஒரு வரி. "உங்கள் கொடி செத்திருக்கலாம், அதை நட்ட கை சாகவில்லை." கையை நீட்டிச் சொன்னார், அழகாகச் சொன்னார். பர்தூல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், குடைக்குள்ளிருந்து வருவது இருமலா ஜெபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நாலாவது பக்கத்தில் நின்றுபோனேன். அந்தப் பக்கத்தை அவர் ஒப்பிக்கும்போதெல்லாம் நான் இஸ்திரிக் கரி எடுக்க அடுப்படிக்குப் போயிருப்பேன், அது என் தலையில் இல்லை. அவர் காத்திருந்தார். இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: "வேரைப் பூச்சி தின்றது, மிச்சத்தைப் பாரிசிலிருந்து வருகிறவன் தின்கிறான்." வாங்கின வேகத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது என்ன என்று அவருக்குப் புரிந்தது, கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். பிறகு முன்வரிசையில் ஒரு கிழவன் தன் கட்டையைக் கீழே வைத்தான், கைதட்டுவதற்காக. அப்புறம் எல்லாரும் வைத்தார்கள். ராத்திரி ரயிலில் அவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எப்போதிலிருந்து தெரியும் முசே?" என்று நான்தான் கேட்டேன். "பிஷப் செருப்பிலிருந்து" என்றார். பிறகு, "கஷாயம் போட்டுக் குடி, சவுரி. நாளைக்கு ஆட்டு ஊர்" என்றார்.

அந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சிலைக்குக் கீழே ஒரு வரி வெட்டியிருக்கிறார்களாம், என் வரியாம் அது, பூச்சி வரி. நானும் ஒரு தரம் போய்ப் பார்த்தேன், எழுத்தைத் தடவினேன், ஆள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து முகர்ந்தும் பார்த்தேன், வெறும் கல் வாசனை. ஆகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது சவுரிராயன் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். இந்தத் தெருவில் பாதிப் பேர் பிரான்சிலிருந்தும் சைகோனிலிருந்தும் வருகிற கடிதத்தை என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவருகிறார்கள். நேற்றுகூட ரொசாலி அம்மாளுக்கு அவள் மகன் எழுதினதை வாசித்துக் காட்டினேன், சைகோனில் சௌக்கியமாக இருக்கிறானாம், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறானாம், அம்மா வைக்கிற மீன் குழம்புதான் ஞாபகமாகவே இருக்கிறதாம். அழுதுகொண்டே போனாள், பாவம். அது நடக்கட்டும்.